வீட்டுக்காரர் சந்தில் நிற்கிறார்

ஜூன் 8, ஞாயிறு

டாக்டர் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மனதில் இருப்பதை எங்காவது கொட்டிவிட வேண்டுமாம். வீட்டில் வந்து சொன்னேன்.

"உங்க மனசுல இருக்கத ஊரு பூரா கொட்டிட்டுத்தான வாறீய, மிச்சம் என்ன இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

மிச்சம் இருக்கிறது. நேற்றுதான் வந்தது.

முதலில் என்னைப் பற்றி. பெயர் லாம்பர்ட். பகலில் கப்பல் சரக்கு ஏஜென்சியில் பில் போடுகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஜாஸ் கிட்டாரிஸ்ட். தூத்துக்குடியில் ஜாஸ் கிட்டாரிஸ்ட் மொத்தம் ஒருவன்தான் என்பதால் முதலிடமும் எனக்கே, கடைசி இடமும் எனக்கே. தொப்பை வளர வளர கிட்டார் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் பக்கத்து மேஜைக்காரர்தான் வாசிக்க வேண்டும்.

கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற தர்மசீலன் ஐயா கடற்கரைச் சாலையில் ஹோட்டல் கட்டினார். சாப்பாட்டுக் கூடத்துக்கு 'டெக்' என்று பேர் வைத்தார். ஊர் ஊராய்த் துறைமுகத்தில் கேட்ட ஜாஸை இங்கேயும் கேட்க ஆசைப்பட்டு, கான்வென்ட்டில் சும்மா கிடந்த பியானோ ஒன்றை வாங்கிப் போட்டு, எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்தார். பியானோ கிளாரன்ஸ், பேஸ் கிட்டார் செல்வின், டிரம்ஸ் டைட்டஸ், கிட்டார் நான். ஐயா பக்கவாதத்தில் விழுந்த பிறகு கோயம்புத்தூர் மருமகன் சஞ்சீவ் வந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். நேற்று எங்களைக் கூப்பிட்டார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மேடைப் பக்கம் லைவ் பாஸ்தா கவுண்டர் போடறோம்ங்க. எடம் பத்தாதுங்க. இனி மூணு பேர் போதும்ங்க."

"யாரு வேண்டாம்?" என்று டைட்டஸ் நேரடியாகவே கேட்டான்.

"அத நீங்களே பேசி முடிவு பண்ணீட்டா நல்லதுங்க. இல்லாட்டி மாதா கோயில் கொடியேத்தத்தன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு நானே உக்காந்து கேட்டுட்டு சொல்றேனுங்க."

வெளியே வந்து டீ குடித்தோம். பருவக் காற்று, உப்பளங்கள், மாநகராட்சி என்று பல விஷயங்களைப் பேசினோம். யார் போவது என்பதை மட்டும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். டிரம்ஸை எடுக்க முடியாது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் சாப்பிடுகிறவர்களுக்குத் தாங்கள் மெல்லுவது கேட்டுவிடும். பேஸ் அஸ்திவாரம். மிஞ்சுவது பியானோவும் கிட்டாரும். இரண்டுக்கும் ஒரே வேலைதான்: கார்டு போடுவது, அதாவது நாலு சுரத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் அடிப்பது. இரண்டும் சேர்ந்து அடித்தால் இரண்டு மாமியார்கள் ஒரே அடுப்படியில் நின்ற கதை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பியானோ கார்டு போட்டால் கிட்டார் வாயை மூட வேண்டும். கிட்டார் போட்டால் பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை.

இத்தனை வருஷமாகப் பெரும்பாலும் வாயை மூடியிருந்தது யார் என்று எழுதி என் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள விரும்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறான். ஒரே மகள் மெல்போர்னில். தட்டில் மக்ரூனை வைத்துக் கொடுத்துவிட்டு, மகளிடம் போகலாமே என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னான்:

"மக கூப்புடுதா மக்கா. அங்க போயி நான் என்னத்தச் செய்ய? அவ ஆபீசுக்குப் போனப்புறம் சொவரப் பாத்துட்டு இருக்கவா? இங்கன எனக்கு சனிக்கெழம இருக்கு. அத விட்டா வேற என்ன இருக்கு?"

வருத்தமாக இருந்தது. மக்ரூன் நன்றாக இருந்தது.

பியானோ மாதிரி கிட்டாரில் கார்டுகளாகவே பாட்டு வாசிக்கக் கற்றுக்கொடு என்று கேட்டேன். "திடீர்னு என்னலே?" என்றான். இசை வளர்ச்சி என்றேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன். ச ரி க ம ப த நி ஏழு. ஒன்றை விட்டு ஒன்றாக எடுத்து அடுக்கினால் ஏழு விதமான கார்டு வரும். ஏழும் ஏழு குணம், மேய்ப்பது கஷ்டம். பீபாப் என்கிற வேகமான ஜாஸ் வாசித்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ப-வுக்கும் த-வுக்கும் நடுவில் இன்னொரு சுரத்தைக் குடிவைத்து எட்டாக்கினார்கள்.

"இப்ப இந்தத் தெருவ நெனச்சுக்கோ" என்றான் கிளாரன்ஸ். "எட்டு வீடு. ஒத்தப்பட எண் எல்லாம் இந்தப் பக்கம், ரெட்டப்பட எண் எல்லாம் அந்தப் பக்கம். ஒண்ண விட்டு ஒண்ணு எடுத்தா ஒரே பக்கத்து வீடுதான வரும்? ஒத்தப்பட வீடு நாலும் சேந்தா நிம்மதியான கார்டு. அதான் வீடு. ரெட்டப்பட நாலும் சேந்தா நிக்க முடியாம தவிக்குற கார்டு. எந்தப் படில ஏறுனாலும் இந்த ரெண்டுதான் மாத்தி மாத்தி வரும். வீடு, தவிப்பு, வீடு, தவிப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஆரம்பிக்கிற எடம் தப்பப்படாது. வீடு தாளத்தோட அடில விழணும், தவிப்பு ரெண்டு அடிக்கும் நடுவுல சந்துல விழணும். நீ அரை தாளம் தள்ளி எறங்கினேன்னு வையி, கடைசி வரைக்கும் தலகீழாப் போவும். வீட்டுக்காரர் சந்துல நிப்பாரு, வழிப்போக்கன் நடுவீட்டுல காலாட்டிட்டு உக்காந்திருப்பான். ஒரு சுரங்கூடத் தப்பா இருக்காது, ஆனா எல்லாமே தப்பா இருக்கும்."

இன்னொன்றும் சொன்னான். பியானோவில் நாலு சுரமும் நெருக்கியடித்து உட்காரும். கிட்டாரில் விரல் எட்டாது. அதனால் மேலிருந்து இரண்டாவது சுரத்தைத் தூக்கி அடியில் போட்டுவிட வேண்டும். "ஒருத்தன் எறங்கிட்டா மத்தவங்களுக்குத் தாராளமா எடம் கெடச்சிரும்" என்றான்.

நான் அடுத்த மக்ரூனை எடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேல்காற்று ஜன்னலை உடைக்கிற மாதிரி அடிக்கிறது. உப்புக் காற்றில் கம்பியெல்லாம் துரு. துடைத்துவிட்டு உட்கார்ந்து காலையிலிருந்து வீடு, தவிப்பு, வீடு, தவிப்பு. சுண்டுவிரல் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது.

மீன் வாங்கிவந்த ஸ்டெல்லா வாசலிலேயே நின்று கேட்டாள். "என்னது இது, யாரோ மாடி ஏறவும் பாதியில மறந்துட்டு எறங்கவுமா இருக்காங்க?"

அவள் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகச் சரி என்பதுதான் எரிச்சல்.

ஜூன் 19, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. தவிப்புக் கார்டு சுத்தமாக வருகிறது. வீடுதான் இன்னும் அமையவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஹோட்டல் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். வேலை என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. சஞ்சீவ் பார்த்துவிட்டு, "வாங்கண்ணா, ஒரு காபி குடிக்கலாம்" என்றார். மாமனார் உடம்பு, பாஸ்தாவுக்கு ஊரில் ஆள் கிடைக்காதது, கோயம்புத்தூர்த் தண்ணீர் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. தர்மசீலன் ஐயாவின் இரண்டாவது மகள் ஏன் சஞ்சீவ் கல்யாணத்துக்கு வரவில்லை என்ற விவரம் எனக்கே புதிது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பேச்சுவாக்கில், கிளாரன்சின் மகள் மெல்போர்னுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவன் போனாலும் போவான் என்று வந்துவிட்டது. மகள் கூப்பிட்டது உண்மைதானே. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்படிங்களா" என்றார் சஞ்சீவ்.

காபி ஹோட்டல் காபியாகவே இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

வந்துவிட்டது! படி ஏறுகிறேன், இறங்குகிறேன், தடுக்கவில்லை. பாட்டு வேறு சுருதியில் இருந்தாலும் அதே விரல் அமைப்பை இரண்டோ மூன்றோ கட்டை தள்ளிப் பிடித்தால் போதும். பியானோக்காரன் ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாக விரலை ஒடித்துக் கற்க வேண்டியதை நான் நகர்த்தியே முடித்துவிடுகிறேன். இதிலிருந்து எது வசதியான வாத்தியம், எது இடத்தை அடைக்கிற வாத்தியம் என்பது நடுநிலையாளர்களுக்குப் புரியும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிளாரன்சுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இப்பத்தாம்லே உன் கிட்டாரு பேசுது" என்றான். "கேளு, கொடியேத்தத்தன்னைக்கு அந்த ரெண்டாவது பாட்டுல நீயே முழுசா எடுத்துக்கோ. நான் கைய எடுத்துருதேன். அந்தப் பையனும் கேக்கட்டும், நம்மகிட்ட என்னவெல்லாம் இருக்குன்னு. நல்லாக் கேட்டா நாலு பேரையும் வச்சுக்குவான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவனாகத் தருகிறான்.

ஜூலை 12, சனி

கிளம்பும்போது ஸ்டெல்லா கேட்டாள். "நீங்க இத எதுக்குப் படிக்கீயன்னு கிளாரன்ஸ் அண்ணனுக்குத் தெரியுமா?"

"இசை வளர்ச்சிக்கு."

அவள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஜூலை 27, ஞாயிறு

நேற்றுக் காலையில் மாதா கோயில் கொடியேற்றம். ஊரே அங்கே. நான் ஒரு வேண்டுதலும் வைக்கவில்லை. நியாயமாக எல்லாம் நடக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், அது வேண்டுதலில் சேராது.

ராத்திரி டெக்கில் கூட்டம். சஞ்சீவ் முதல் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு வழக்கம் போல. இரண்டாவதில் கிளாரன்ஸ் சொன்னபடியே இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

இறங்க வேண்டிய நேரத்தில், சஞ்சீவ் கவனிக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்தேன். கவனித்தார். இறங்கினேன். முதல் ஒன்றிரண்டு கார்டு காலில் கல் தட்டினாற்போல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிளாரன்ஸ் மடியிலிருந்து ஒரு கையைத் தூக்கி, சம்பந்தமில்லாத இடத்தில் டங்கென்று ஒரே ஒரு கார்டு அடித்தான். டைட்டஸ் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடிற்று. ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இறாலை விட்டுவிட்டுக் கை தட்டியது. தூத்துக்குடியில் இது சாதாரண விஷயமில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கையை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னவன் நடுவில் ஏன் அந்த ஒரு கார்டைச் செருக வேண்டும்? முப்பது வருஷப் பழக்கம் என்று பார்க்கிறேன். மனிதர்களுக்குப் பொறாமை எங்கிருந்தெல்லாம் எட்டிப் பார்க்கிறது!

ஜூலை 30, புதன்

சஞ்சீவ் போன் செய்தார்.

"அண்ணா, உங்க கிட்டார் ஒண்ணே போதும்ங்க, பியானோ இல்லாத கொறையே தெரியலைங்க. கிளாரன்ஸ் அண்ணா பாட்டுக்குக் கையக் கட்டிட்டு உக்காந்துட்டு இருந்தாரு, நான் பாத்துட்டேதான இருந்தேன். அவரும் மெல்போர்ன் போறாருன்னு நீங்களே சொன்னீங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லைங்க."

கை மடியில் இருந்தது மரியாதை, சோம்பேறித்தனம் இல்லை என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அது எங்கள் தொழில் வழக்கம். கோயம்புத்தூர்க்காரருக்குப் போனில் விளக்குகிற சமாச்சாரம் இல்லை. அவரும் அவசரத்தில் இருந்தார், பாஸ்தா அடுப்பு வந்திறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அப்ப நல்லா வளந்துருச்சு" என்றாள்.

"எது?"

"உங்க இசை."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. சப்பரத்தின் பின்னால் கூட்டத்தில் கிளாரன்ஸ் எதிரே வந்துவிட்டான். ஒதுங்க இடமில்லை. வெள்ளைச் சட்டை, நன்றாகச் சவரம் செய்திருந்தான். ஸ்டெல்லாவிடம் சுகம் விசாரித்தான். பிறகு என்னைத் தள்ளிக் கூப்பிட்டான்.

"லே லாம்பர்ட். அந்தப் பையன்ட்ட கேட்டேன், ஏன் என்னயன்னு. 'நீங்கதான் மெல்போர்ன் போறீங்களாமே' ன்னான். நான் யார்ட்டயும் அப்படிச் சொல்லலயே. யாரு சொல்லிருப்பா?"

முதுகில் கூட்டம் இடித்தது. மேளச் சத்தம் வேறு. அந்தச் சத்தத்தில் யாராயிருந்தாலும் வாயில் வந்த முதல் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"செல்வினா இருக்கும்" என்றேன். "உன் தங்கச்சி மாப்பிள்ளதான. வீட்டுல பேசுறது காதுல விழுந்திருக்கும்."

கிளாரன்ஸ் என்னையே பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான்.

"செல்வினா? அவன் வீட்டுல உப்பு வேணும்னாக்கூட வாயத் தெறக்காமக் கைய நீட்டிக் காட்டுறவம்லே. அவம் போயி மெல்போர்ன்னு பேசுனானா?"

நான் சப்பரத்தைப் பார்த்தேன். ஊரில் இத்தனை வாயாடிகள் இருக்க, பேசவே பேசாத ஒருவனின் பெயர் என் வாயில் வந்தது. இத்தனை வருஷம் வம்பு பேசிப் பழகியவனுக்கு இப்படி ஒரு பிழை வரலாமா?

"சரி மக்கா" என்றான். என் தோளைத் தட்டினான், லேசாகத்தான். "சனிக்கெழம நல்லா வாசி. ஆரம்பிக்கிற எடத்தப் பாத்துக்கோ."

சப்பரத்துக்கு முன்னால் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டான். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்று ஸ்டெல்லா கேட்டாள். வாழ்த்துச் சொன்னான் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டைட்டஸ் சொன்ன செய்தி: கிளாரன்ஸ் மெல்போர்ன் போக விசாவுக்கு மதுரை போயிருக்கிறானாம். வீட்டையும் வாடகைக்கு விடப் பேசுகிறானாம்.

பார்த்தீர்களா, நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று மூன்று பேராக முதல் நிகழ்ச்சி.

பாஸ்தா கவுண்டர் வந்துவிட்டது. தொப்பி வைத்த ஒருவர் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட, மேடை முழுவதும் பூண்டும் வெண்ணெயும். பியானோவை யாரும் வெளியே தூக்கவில்லை. கனம் அதிகம், ஆள் கிடைக்கவில்லையாம். சுவரோடு ஒட்டித் தள்ளி, மேலே துணி விரித்து, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டார்கள். ஸ்டூல் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. பாஸ்தாக்காரர் அதில் ஒரு வெங்காயக் கூடையை வைத்திருந்தார்.

இரண்டாவது பாட்டு. இறங்க வேண்டிய நேரத்தில் கை மடியில் இருக்கிறதா என்று பார்க்கிற பழைய பழக்கத்தில் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. வெங்காயம் இருந்தது. இறங்கினேன்.

கல் தட்டியது. இரண்டு கார்டுக்குப் பிறகும் தட்டியது. ஏறினேன், தட்டியது. இறங்கினேன், தட்டியது. செல்வின் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான், டைட்டஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வீடு முழுக்கச் சந்தில் கிடந்தது, தவிப்பு நடுக்கூடத்தில் காலாட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுரம் தப்பில்லை. கடைசி வரைக்கும் அப்படியே போய், முடிகிற இடத்தில் அவர்கள் இருவரும் முடித்து நின்றார்கள், நான் பின்னால் தனியாக ஒரு கார்டைப் போட்டு வந்து சேர்ந்தேன்.

கை தட்டினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது போல.

மூட்டை கட்டும்போது செல்வினிடம், "என்னடே, இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரு மாதிரி வாசிச்சீங்க" என்றேன். சிரிப்பாகத்தான் கேட்டேன்.

செல்வின் பேஸ் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டே பேசினான். அவன் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கொடியேத்தத்தன்னைக்கும் நீ இப்படித்தான் அரை தாளம் தள்ளி எறங்குன. கிளாரன்ஸ் மச்சான் ஒரு கார்டப் போட்டுக் கண்ணக் காட்டுனாரு. நாங்க உனக்காகத் தாளத்தையே பொரட்டி உன் பக்கம் வந்தோம்."

"அப்ப இன்னைக்கு ஏன் வரல?" என்றேன்.

"கண்ணக் காட்ட ஆளில்ல" என்றான்.

ஜிப்பை இழுத்து மூடினான். தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனான். மெல்போர்ன் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் டைட்டஸ் பெயரைச் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது. டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, இன்னும் அப்படியே இருக்கிறதே, எழுதுகிறீர்களா என்றார். எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வீட்டுல சத்தமே இல்ல?"

உப்புக் காற்றில் கம்பி அறுந்துபோச்சு என்றேன்.

அவள் சுவரோரம் நிற்கிற கிட்டாரைப் பார்த்தாள். ஆறு கம்பியும் இருக்கின்றன. விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.